தாய் உண்ட மருந்தும் மகளின் உடலும்: பிறப்புக்கு முன் ஹார்மோன் பட்ட பெண்களின் மருத்துவ வரலாறு – புதுக்கோட்டையிலிருந்து ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்பட்ட செயற்கை ஹார்மோன், அவர்கள் ஈன்ற பெண்மக்களின் பிறப்புறுப்புகளில் பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட மாற்றங்களுக்குக் காரணமாயிற்று என்பது இருபதாம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றின் கசப்பான அத்தியாயங்களுள் ஒன்று. டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் அம்மருந்தின் வரலாற்றையும், இந்தியாவில் மிகைஅளவு ஈஸ்ட்ரோஜன்–புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் தொடர்பாக நிகழ்ந்த போராட்டத்தையும் இக்கட்டுரை அருகருகே வைத்து நோக்குகிறது. மருந்தின் தீங்கு வெளிப்படுவதற்குத் தாயின் நினைவும் மருத்துவமனைப் பதிவேடும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதே இதன் மையக் கருத்து. புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பணி இந்நோக்குக்கு வாயிலாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டில்பெஸ்ட்ரால், கருப்பைவாய், தெளிசெல் புற்று, மிகைஅளவு ஹார்மோன் மாத்திரை, மருத்துவப் பதிவேடு, முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டை

முன்னுரை

கரு தங்காமற் போவதைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாகத் தாயின் குறையாகவே கண்டுவந்துள்ளது. புதுக்கோட்டை வட்டாரத்தில் கரு கலைந்த பெண்ணைக் குறித்துப் பேசுவோர் ‘அவளுக்குத் தங்கவில்லை’ என்றே கூறுவர். அத்தொடரில் மருந்துக்கோ மருத்துவருக்கோ அவளைப் பெற்ற தாயின் கருக்காலத்துக்கோ இடமில்லை. ஒரு பெண்ணின் கருப்பை, அவள் பிறப்பதற்கு முன்பே, அவளுடைய தாய் விழுங்கிய மாத்திரை ஒன்றினால் உருத்திரிந்திருக்கக்கூடும் என்ற செய்தியை 1971ஆம் ஆண்டுக்கு முன்னர் மருத்துவ உலகமும் அறிந்திருக்கவில்லை.

இச்செய்தியைப் புதுக்கோட்டையிலிருந்து நோக்க வேண்டிய காரணம் யாது என்ற வினா எழலாம். மகளிர் மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் தமிழகத்தில் ஒரே வாழ்க்கையில் சந்தித்தது இம்மண்ணில் பிறந்த ஒருவரிடத்தில் என்பதே முதற்காரணம். முத்துலட்சுமி 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆடவர் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் பயில மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவு அவருக்குத் தேவைப்பட்டது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேறு, மகளிர், குழந்தையர் மருத்துவத்தில் பணியாற்றினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கைக்கு இட்டுச்சென்றது. 1954இல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் தோன்றியது. அவர் 1968 ஜூலை 22இல் மறைந்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், மகளிர் மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் சந்திக்கும் புதிரொன்று மருத்துவர்களைத் திகைக்க வைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அவர் எழுப்பிய நிறுவனம் எவ்வகை வினாக்களைக் கேட்பதற்காக எழுந்ததோ, அவ்வகை வினா ஒன்றே அங்கும் எழுந்தது.

காப்புரிமை பெறாத மருந்து

1938இல் இலண்டனில் சார்லஸ் டாட்ஸும் உடன்பணியாளர்களும் டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் சேர்மத்தை உருவாக்கி, ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். இது வேதிக் கட்டமைப்பில் இயற்கை ஈஸ்ட்ரோஜனை ஒத்ததன்று. ஆயினும் உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே செயற்பட்டது. வாய்வழி உட்கொண்டாலும் வீரியம் குன்றவில்லை. உற்பத்திச் செலவும் மிகக் குறைவு. பிரித்தானிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றத்தின் நிதியில் நிகழ்ந்த ஆய்வாதலின் இதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. பொதுநன்மை கருதிய அம்முடிவே மருந்தின் கட்டற்ற பரவலுக்கும் வழிவகுத்தது என்பது வரலாற்றின் முரண். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றானபின் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் தத்தம் பெயர்களில் அதனை விற்றன. பிற்காலத்தில் பாதிக்கப்பட்ட மகளிர் வழக்குத் தொடுத்தபோது, தம் தாய் உண்டது எந்த நிறுவனத்தின் மாத்திரை என்று மெய்ப்பிக்க இயலாமற் போனதற்கும் இதுவே காரணம். 1980இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சிண்டெல் வழக்கில், அந்தந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கின் அளவில் இழப்பீட்டுப் பொறுப்பைப் பகிரலாம் எனப் புதியதோர் நெறியை வகுக்க நேர்ந்தது.

பாஸ்டனில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் இணையர், கருச்சிதைவுக்குக் கருக்கால ஹார்மோன்கள் குறைவதே காரணம் எனக் கருதினர். ஸ்டில்பெஸ்ட்ரால் அக்குறையை நிறைவு செய்யும் என்பது அவர்தம் கோட்பாடு. ஏழாம் வாரத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, 35ஆம் வாரத்தில் 125 மில்லிகிராம் வரை தருவது அவர்கள் வகுத்த முறை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1947இல் கருக்காலப் பயன்பாட்டுக்கு இசைவளித்தது. கரு கலைந்த வரலாறுடைய பெண்களுக்கென வந்த மருந்து விரைவில் எல்லாக் கருவுற்ற பெண்களுக்கும் உரியதாக விளம்பரப்படுத்தப்பட்டது. குழந்தை பெரிதாகவும் வலிவாகவும் பிறக்கும் என்று 1950களின் மருத்துவ இதழ் விளம்பரங்கள் கூறின.

இங்குச் சற்று நின்று நோக்கவேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் டைக்மனும் குழுவினரும் ஏறத்தாழ 1,650 கருவுற்ற மகளிரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஸ்டில்பெஸ்ட்ராலும் மற்றப் பிரிவினர்க்கு மருந்துப்போலியும் அளித்து ஆராய்ந்தனர். மருந்தினால் பயன் ஏதுமில்லை என்பது முடிவு. கருச்சிதைவும் குறையவில்லை, குறைப்பிரசவமும் குறையவில்லை. அதே தரவுகளைப் பிற்காலத்தில் மறுஆய்வு செய்தோர், மருந்து பயனற்றதாக மட்டுமன்றித் தீங்கு மிகுத்ததாகவும் இருந்தது என 1978இல் காட்டினர். எனினும் 1953க்குப் பின் மேலும் 18 ஆண்டுகள் மருத்துவர்கள் அதனை எழுதிக்கொடுத்தனர். அறியாமையால் நேர்ந்த பிழை என்று இதனைக் கடந்து செல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பயனில்லை என்று தெரிந்தும், கேடு என்று தெரியாததால் மட்டுமே ஒரு மருந்து தொடர்ந்தது. கரு கலைந்துவிடுமோ என்ற அச்சத்தோடு முன்னால் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் ஒன்றும் தராமல் அனுப்புவதற்கு மருத்துவர் மனம் ஒப்பவில்லை என்பதும் அதிலொரு பகுதி. நம் ஊர்களிலும் அறிந்த மனநிலைதான் அது.

ஒரு தாயின் கேள்வி

யோனியில் தோன்றும் புற்று பொதுவாக முதிய மகளிர்க்குரியது. அதிலும் தெளிசெல் சுரப்பிப் புற்று மிக அரிது. 1966 முதல் 1969 வரையிலான காலத்தில் 15 முதல் 22 அகவை வரையுள்ள ஏழு இளம்பெண்கள் பாஸ்டனின் வின்சென்ட் நினைவு மருத்துவமனைக்கு யோனிச் சுரப்பிப் புற்றோடு வந்தனர். ஒரே மருத்துவமனை, சில ஆண்டுகள், ஏழு பெண்கள் என்பது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கன்சர் ஆகியோர் காரணம் தேடினர். உள்ளாடை, துப்புரவுப் பொருள், மாதவிடாய்ப் பஞ்சு, பாலுறவு வரலாறு எனப் பலவற்றை ஆராய்ந்தும் விடை கிட்டவில்லை.

நோயுற்ற பெண்ணொருத்தியின் தாய், தாம் கருவுற்றிருந்தபோது உண்ட ஸ்டில்பெஸ்ட்ராலோடு இதற்குத் தொடர்பிருக்குமோ எனக் கேட்டார். மருத்துவ இலக்கியத்தில் அக்கேள்விக்கு அதுவரை இடமில்லை. ஆய்வாளர்கள் அதனைப் புறந்தள்ளாமல் ஏனைய தாயரையும் வினவினர். எட்டாவதாக ஒருவரையும் சேர்த்து, ஒவ்வொரு நோயாளிக்கும் நால்வர் வீதம் 32 பேரை ஒப்பீட்டுக்கெனத் தேர்ந்தனர். நோயாளி பிறந்த அதே மருத்துவமனையில், ஐந்து நாள் இடைவெளிக்குள், அதே வகைப் பிரிவில் பிறந்தவர்களே அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர். எட்டுத் தாயருள் எழுவர் கருக்காலத்தின் தொடக்க மாதங்களில் ஸ்டில்பெஸ்ட்ரால் உண்டவர்கள். ஒப்பீட்டுக் குழுவின் 32 தாயருள் ஒருவரும் உண்டவரல்லர். 1971 ஏப்ரல் 22இல் வெளியான அக்கட்டுரையைத் தொடர்ந்து, நியூயார்க் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் புரட்டிய பீட்டர் கிரீன்வால்டு குழுவினர் மேலும் ஐவரைக் கண்டறிந்தனர். அதே ஆண்டு நவம்பரில் கருக்காலத்தில் இம்மருந்தைத் தரலாகாது என அமெரிக்க நிருவாகம் அறிவித்தது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பயன்பாடு மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. பிரான்சில் 1977 வரை.

ஆய்வாளரின் நுண்ணறிவை மெச்சும் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றன. ஒப்பீடு இயன்றதற்குக் காரணம், 20 ஆண்டுகளுக்கு முன் எந்த நாளில், எந்தப் பிரிவில், எந்தக் குழந்தை பிறந்தது என்ற பதிவேடு மருத்துவமனைகளில் அழியாமல் இருந்ததே. தாயின் நினைவு கேள்வியைத் தந்தது. பதிவேடு அதனை அறிவாக மாற்றியது. இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்த எழுவர் ஏழு தனித்தனித் துயரங்களாகவே மண்ணில் மறைந்திருப்பர்.

மகளின் உடலில் நேர்ந்தது

புற்றுநோயே உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும் எண்ணிக்கையில் அது சிறியது. மருந்து பட்ட பெண்மக்களுள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர்க்கே தெளிசெல் புற்று வந்தது. ஏனைய பெரும்பான்மையோர்க்கு நேர்ந்த மாற்றங்கள் அமைதியானவை. நோய் எனப் பெயர் சூட்டத் தயங்கத்தக்கவை. ஆனால் ஒரு வாழ்நாள் முழுவதும் நீண்டவை.

கருவில் பெண்குழந்தையின் கருக்குழாய், கருப்பை, கருப்பைவாய், யோனியின் மேற்பகுதி ஆகியன முல்லேரியன் நாளங்களிலிருந்து உருவாகின்றன. தொடக்கத்தில் அவற்றின் உட்பரப்பு தூண்வடிவச் செல்களால் ஆனது. யோனிப் பகுதியில் அச்செல்களை நீக்கித் தட்டைச் செல்கள் அவ்விடத்தில் அமைவதே இயல்பான வளர்ச்சி. உரிய காலத்துக்கு முன்னரே வந்து சேரும் வலிய ஈஸ்ட்ரோஜன் இம்மாற்றத்தைத் தடுக்கிறது. அதனால் சுரப்பித் திசு, இருக்கக்கூடாத யோனிப் பரப்பில் எஞ்சிவிடுகிறது. இந்நிலையை மருத்துவர் அடினோசிஸ் என்பர். கருப்பைவாயைச் சுற்றிச் சேவற்கொண்டை போன்றும் முக்காடு போன்றும் மடிப்புகள் தோன்றின. கருவின் எந்த வாரத்தில் மருந்து சென்றது என்பதைப் பொறுத்து மாற்றத்தின் அளவு வேறுபட்டது. முன்னதாகச் சென்றவர்க்கு மிகுதி, பிந்திச் சென்றவர்க்குக் குறைவு. மருந்தின் அளவோடு அது சென்ற காலமும் முதன்மையானது என்பது நஞ்சியலுக்கு அன்று புதிய பாடம். எலிக்குட்டிகளில் ஜான் மக்லாக்லனும் பிறரும் செய்த ஆய்வுகள் அதனை உறுதி செய்தன.

1977இல் ரேமண்ட் காஃப்மன் குழுவினர் இப்பெண்களின் கருப்பைகளை ஊடுகதிர்ப் படமெடுத்து நோக்கினர். மூவருள் இருவர்க்குக் கருப்பை உள்ளறை இயல்புக்கு மாறாக இருந்தது. முக்கோணமாக இருக்கவேண்டிய அறை ஆங்கில ‘டி’ எழுத்தைப்போல் குறுகிக் கிடந்தது. அக்கருப்பைக்குள் கரு தங்குவது அரிது. தங்கினாலும் முழுமாதம் தாங்குவது அதனினும் அரிது.

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில், மருந்து பட்ட 4,653 பெண்களையும் படாத 1,927 பெண்களையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகளை ராபர்ட் ஹூவர் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். 45 அகவை வரையிலான திரள்வாய்ப்பாக அவர்கள் கணித்தவை வருமாறு: கருவுறாமை மருந்து பட்டவருள் 33.3 விழுக்காடு, படாதவருள் 15.5, குறைப்பிரசவம் 53.3 எதிர் 17.8, கருப்பைக்கு வெளியே கரு தங்குதல் 14.6 எதிர் 2.9, இரண்டாம் மும்மாதத்தில் கரு இழத்தல் 16.4 எதிர் 1.7. கருச்சிதைவு 50.3 எதிர் 38.6. மாதவிடாய் முன்கூட்டியே நின்றவர்களும், கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டவர்களும், 40 அகவைக்குப் பின் மார்பகப் புற்றுக்கு ஆளானவர்களும் மருந்து பட்டவர்களிடையே மிகுந்திருந்தனர்.

இவ்வெண்களுள் கருச்சிதைவைக் குறித்ததே என்னைப் பெரிதும் உலுக்கியது. தாய்க்குக் கரு கலையாதிருக்கவே அம்மருந்து தரப்பட்டது. அது தாயின் கருவைக் காத்ததற்குச் சான்றில்லை. மகளின் கருவைக் கலைத்தது.

பெர்க்லியில் பாட் கோடி என்னும் பெண், தாமும் அம்மருந்தை உண்டு ஒரு மகளை ஈன்றவர், 1970களில் தொடங்கிய சிறு குழு பின்னர் ‘டெஸ் ஆக்‌ஷன்’ இயக்கமாக வளர்ந்தது. பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுக்குமாறு தாயரை வேண்டியதே அவ்வியக்கத்தின் தொடக்கப் பணிகளுள் முதன்மையானது. அக்குற்றவுணர்வைச் சுமந்து மகளிடம் உண்மையைச் சொல்லத் தயங்கிய தாயரும் பலர்.

இந்திய மருந்துக்கடையில்

இந்தியாவுக்கு வருவோம். இங்கு மகளிர் இயக்கங்களும் மருத்துவச் செயற்பாட்டாளர்களும் எதிர்த்துப் போராடியது வேறொரு மருந்தை: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் மிகைஅளவில் கலந்த மாத்திரைகள். ‘ஈ.பி. ஃபோர்ட்’ முதலிய பெயர்களில் விற்ற இவை, நின்றுபோன மாதவிடாயை வரவழைக்கும் மருந்தாகவும் கருவுற்றிருப்பதை அறியும் சோதனையாகவும் பயன்பட்டன. மாத்திரையை உண்டு நிறுத்தினால், கருவுறாதவர்க்குக் குருதிப்போக்கு வரும். வரவில்லையேல் கருவுற்றிருப்பதாகக் கொள்ளலாம் என்பது அச்சோதனையின் தருக்கம். அதாவது, கரு உண்டென அறிவதற்காகவே கருவின்மீது ஹார்மோன் பாய்ச்சப்பட்டது. அதுவும் உறுப்புகள் உருப்பெறும் தொடக்க வாரங்களில். சிறுநீரைக்கொண்டு கருவை அறியும் எளிய சோதனை பரவிய பின்னரும் இம்முறை தொடர்ந்ததற்கு அறிவியல் நியாயம் ஏதுமில்லை.

இம்மாத்திரைகளைக் கருவைக் கலைக்கும் என நம்பி வாங்கியோரும் உண்டு. ‘நாள் தள்ளிப்போய்விட்டது’ என்ற ஒரு தொடரே மருந்துக்கடையில் போதுமானதாயிருந்தது. மருத்துவர் சீட்டு கேட்கப்படவில்லை. பலநேரங்களில் வாங்க வந்தவர் உண்ணப்போகும் பெண்ணாகவும் இல்லை. 1971இல் இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972 முதல் நடைமுறைக்கு வந்திருந்தும், மருத்துவமனைக்குச் செல்வதினும் கடையில் மாத்திரை வாங்குவது ஊர் வாய்க்கு அஞ்சிய குடும்பங்களுக்கு எளிதாக இருந்தது. மாத்திரை கருவைக் கலைக்காதபோது, ஹார்மோன் பட்ட அக்கரு வளர்ந்து பிறந்தது.

இங்கிலாந்தில் ‘பிரிமோடாஸ்’ என்ற பெயரில் விற்ற ஒத்த மருந்தைப் பற்றி இசபெல் கால் என்னும் மருத்துவர் 1967லேயே ஐயம் எழுப்பியிருந்தார்; 1978இல் அது அங்குச் சந்தையிலிருந்து விலகியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரையை ஒட்டி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 1982இல் தடையாணை பிறப்பித்தார். மருந்து நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களை அணுகி இடைக்காலத் தடை பெற்றன, விற்பனை தொடர்ந்தது. அகில இந்திய மருந்துச் செயற்பாட்டு வலையமைப்பும் மகளிர் அமைப்புகளும் வழக்கையும் பரப்புரையையும் இணைத்து நடத்தின. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 1987இல் பொதுக் கருத்துக்கேட்பு நிகழ்ந்தது. 1988இல் தடை அறிவிக்கை வெளியாயிற்று. முதல் ஆணைக்கும் இதற்கும் இடைப்பட்ட ஆண்டுகள் ஆறு.

இங்கு ஒரு வரையறை தேவை. ஸ்டில்பெஸ்ட்ராலும் இம்மாத்திரைகளும் ஒன்றல்ல. முன்னது பல மாதங்கள் தொடர்ந்து மிகப் பேரளவில் உண்ணப்பட்டது. பின்னது பெரும்பாலும் சில நாள்கள். மகளின் கருப்பையில் முன்னது விளைத்த மாற்றங்களைப் பின்னதும் விளைத்தது எனக் கூற நமக்கு உரிமையில்லை. பிரிமோடாஸ் குறித்தே 2017இல் பிரித்தானிய வல்லுநர் குழு பிறவிக்குறைகளுக்கு அதுவே காரணம் எனக் கொள்ளச் சான்று போதாது என்றது. 2020இல் கம்பர்லிஜ் அம்மையார் தலைமையிலான மீளாய்வு, அம்மருந்து முன்னரே விலக்கப்பட்டிருக்கவேண்டும் என்றது. இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. தீங்கு மெய்ப்பிக்கப்படும் வரை காத்திருக்கவேண்டுமா, பயனில்லை என்றபோதே நிறுத்தவேண்டுமா என்பதே வினா. டைக்மன் ஆய்வு 1953இல் விட்டுச்சென்ற அதே வினா. 1980களின் இந்தியப் போராட்டக்காரர்கள் இரண்டாவதன் பக்கம் நின்றனர். அவர்கள் நின்றது சரியான இடம் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

பதிவேடு என்னும் சான்று

பாஸ்டனில் ஏழு பெண்கள் கண்ணில் பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கு அந்நோய் அரிது. தமிழகத்திலோ மகளிர் புற்றுநோய்களுள் கருப்பைவாய்ப் புற்று நெடுங்காலம் முதலிடம் வகித்தது. அடையாற்றுக்கு வந்த பெண்களுள் பெரும்பகுதியினர் அந்நோயாளிகளே. அதன் காரணம் பாப்பிலோமா வைரஸ். ஹார்மோன் மாத்திரை அன்று. ஆனால் நோய் மலிந்த இடத்தில் வேறுபட்ட ஒரு நோயாளி தனித்துத் தெரிவதில்லை. கருப்பைவாய்ப் புற்றோடு வந்த இளம்பெண்ணின் தாயைத் தேடிப்பிடித்து, ‘இவளைச் சுமந்தபோது என்ன மாத்திரை உண்டீர்கள்’ எனக் கேட்பதற்கு நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் யாருக்கு நேரமிருந்திருக்கும்?

கேட்டிருந்தாலும் விடை கிட்டியிருக்குமா என்பது ஐயமே. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. இடைப்பட்ட அக்காலமே உலகெங்கும் செயற்கை ஹார்மோன்கள் பரவிய காலம். நகரில் இராணியார் மருத்துவமனை மகப்பேற்றுக்கென இருந்தது. சிற்றூர்களிலோ பெரும்பாலான பிள்ளைப்பேறுகள் வீட்டில், மருத்துவச்சியின் கையில் நிகழ்ந்தன. வீட்டில் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனைப் பதிவேடு இல்லை. சீட்டின்றி வாங்கிய மாத்திரைக்குக் கடையிலும் சான்று இல்லை. மகப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மருந்து உண்டது புகுந்த ஊரில், குழந்தை பிறந்தது பிறந்த ஊரில். இரண்டையும் அறிந்தவர் தாய் ஒருவரே. அவருடைய நினைவே ஆவணம். ஸ்டில்பெஸ்ட்ரால் பட்ட அமெரிக்கப் பெண்களுக்கு உருவானது போன்ற பெரும் பின்தொடர்குழு, மிகைஅளவு ஹார்மோன் மாத்திரை பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு உருவாகவில்லை.

இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று. கரு தங்குவதற்கென்று ஹார்மோன் ஊசியும் மாத்திரையும் இன்றும் நம் ஊர்களில் மிகுதியாக எழுதப்படுகின்றன. அவற்றுள் இயற்கைப் புரோஜெஸ்டிரோனும் உண்டு. ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட் என்னும் செயற்கை ஊசியும் உண்டு. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1959 முதல் 1967 வரை பதிவுசெய்யப்பட்ட தாயரின் மக்களைப் பின்தொடர்ந்த கெய்ட்லின் மர்ஃபி குழுவினர், அவ்வூசி கருவில் பட்டவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டு 2021இல் வெளியிட்டனர். ஊசி பெற்ற தாயரின் எண்ணிக்கை சிறிது. ஒரே ஆய்வின் முடிவு இது. இதைக்கொண்டு எவரையும் அச்சுறுத்துவது முறையன்று. குறைப்பிரசவத்தைத் தடுக்கும் மருந்தாக அதற்கு அளித்த இசைவை, பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்ற காரணத்தால் அமெரிக்க நிருவாகம் 2023இல் திரும்பப் பெற்றது. மர்ஃபியின் ஆய்வு எப்படி இயன்றது என்பதே நமக்கு முதன்மை: 60 ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய்க்கு எந்த வாரத்தில் எந்த ஊசி போடப்பட்டது என்று ஒருவர் எழுதிவைத்த தாள் அழியாமல் கிடந்தது.

தமிழகத்திலும் நிலை மாறிவருகிறது. சென்னையில் 1982 முதல் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடு இயங்குகிறது. 2012 முதல் மாநிலம் முழுமைக்கும் அது விரிந்தபோது புதுக்கோட்டை மாவட்டமும் அதனுள் வந்தது. அப்பணியின் மையம் முத்துலட்சுமி ரெட்டி எழுப்பிய அடையாறு நிறுவனமே. மறுபுறம், கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் இன்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து ‘பிக்மி’ எண் பெறுகிறார். பிறப்புச் சான்றிதழுக்கும், முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலேயே அமைந்த மகப்பேறு நிதியுதவிக்கும் அவ்வெண் வேண்டும். தாயின் எண் ஒரு பதிவேட்டில் நிற்கிறது. 30 அல்லது 40 ஆண்டுகள் கழித்து மகளுக்கு நோய் வந்தால் அது மற்றொரு பதிவேட்டில் ஏறும். இரண்டையும் ஒருசேரப் புரட்டும் ஆய்வாளர் ஒருவர் அன்று வரக்கூடும். அவருக்குத் தேவைப்படப்போவது, தனியார் மருத்துவமனையில் ஆறாம் வாரத்தில் போட்ட ஊசியின் பெயர். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ கருவுற்றிருக்கும் பெண்ணின் கைப்பையில் மடித்துக் கிடக்கும் மருந்துச்சீட்டில் அது இன்று இருக்கிறது.